பேராச்சி ஒட்டிய ஷாஃப்ட்

தாராவி தொண்ணூறடி ரோட்டில் போய் "வெல்டிங் அக்கா எங்கே?" என்று கேட்டால் போதும், பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம். டீக்கடைக்காரர் கையிலிருக்கும் கிளாஸோடு சந்து முனைவரை வந்து வழி காட்டுவார். காட்டுவதோடு விடவும் மாட்டார். தன் கடை ஷட்டரின் சட்டமும் அவள் கைவேலைதான் என்று இரண்டு தட்டுத் தட்டிக் காட்டிவிட்டுத்தான் திரும்பிப் போவார். பேராச்சிக்கு இதிலெல்லாம் பெருமை உண்டா என்று கேட்கிறீர்களா? நிறையவே உண்டு. வேலை தெரிந்தவள் எதற்காகத் தலையைக் குனிந்துகொண்டு நிற்க வேண்டும் என்பது அவள் கட்சி. எனக்கும் அது சரியென்றே படுகிறது.

இப்போது அவளுக்கு நாற்பத்துமூன்று வயது. சுடிதாருக்கு மேல் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு, முகத்தை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி முகமூடி. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் கல்யாணமாகி வந்தாள். புருஷன் செல்லப்பாண்டி அப்போதே கிரில் கடை வைத்திருந்தான். கல்யாணமான மூன்றாம் மாதம் அவன் கண்ணாடி போடாமல் ஒட்டிவிட்டு, இரண்டு கண்ணிலும் மணலைக் கொட்டினாற்போல எரிகிறது என்று படுத்துவிட்டான். மறுநாள் சயானில் ஒரு வீட்டுக்கு ஜன்னல் கிரில் கொடுத்தாக வேண்டும். பேராச்சி வெல்டிங் கம்பி மாட்டும் ஹோல்டரைக் கையில் எடுத்தாள்.

"ஏட்டி, விளையாட்டுச் சாமானா அது? கீழ வையி!" என்று படுத்த இடத்திலிருந்தே கத்தினான் செல்லப்பாண்டி. அவள் வைக்கவில்லை. முதல் கிரில் கோணல்மாணலாகத்தான் வந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் ஒரு வருஷத்தில் அவன் ஒட்டு எது, அவள் ஒட்டு எது என்று கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே சொல்லிவிடலாம் என்றாகிவிட்டது. வழவழவென்று இருந்தால் அவளுடையது. பிறகு வெட்டுவது, தேய்ப்பது, பெயிண்ட் அடிப்பது, ஆள் பிடிப்பது எல்லாம் அவன் பாடு, ஒட்டுவது அவள் பாடு. குர்லாவில் ஒரு ஸ்டீல் கடையில் ஆறு மாதம் சம்பளமில்லாமல் நின்று ஆர்கான் வெல்டிங்கும் கற்றுக்கொண்டு வந்தாள். "எனக்குக் கண்ணு நொந்ததுதான் இந்தக் குடும்பத்துக்கு அடிச்ச யோகம்" என்று செல்லப்பாண்டியே நாலு பேரிடம் சொல்லிக்கொள்வான்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. ஆள் ஏறுகிற, பாரம் தாங்குகிற வேலை எதுவானாலும், அதே இரும்பில் அதே கரண்டில் கூடவே ஒரு சின்னத் துண்டையும் ஒட்டுவாள். அதை வைஸ் இடுக்கியில் மாட்டிச் சுத்தியலால் அடித்துப் பார்ப்பாள். இரும்பு வளையலாம், நசுங்கலாம், ஒட்டு மட்டும் விடக் கூடாது. விட்டால் வேலை முழுவதையும் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. "ஊர்ல ஒருத்தனும் இப்படிப் பண்ணலியே, நமக்கு மட்டும் என்ன?" என்பான் செல்லப்பாண்டி. "ஊர்ல ஒருத்தனும் என்னை மாதிரி ஒட்டலியே" என்பாள் இவள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

அப்படிப்பட்டவளிடம்தான் அஸாருதீன் வந்தான். தேவ்நாரில் கார் ஒர்க்ஷாப் வைத்திருப்பவன், முப்பத்தோரு வயது. பூர்வீகம் மேலப்பாளையம் என்றாலும் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் இங்கேதான். வீட்டில் தமிழ், வெளியே ஹிந்தி, இன்ஜினோடு மட்டும் தனியாக ஒரு பாஷை. காட் மலை ஏறி அந்தப் பக்கம் போனால், ஒரு தனியார் விமான ஓடுதளத்தில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் கார்களை ஓடவிடுவார்கள். வளைவு கிடையாது, திருப்பம் கிடையாது. நின்ற இடத்திலிருந்து நேராக நானூறு மீட்டர், அவ்வளவுதான். எட்டு வருஷமாக அங்கே மற்றவர்களின் வண்டிக்கு மெக்கானிக்காகப் போய்வந்த அஸாருக்கு, தன் வண்டியைத் தானே ஓட்டிப் பதினைந்து விநாடிக்குள் கோட்டைத் தாண்ட வேண்டும் என்று ஆசை.

அதற்கு அவன் பிடித்த வண்டி இருக்கிறதே, அடேயப்பா! தாதரில் ஒரு பழைய கட்டடத்தின் காம்பவுண்டில் முப்பது வருஷமாகத் தார்ப்பாய்க்குள் கிடந்த ஹெரால்டு, அதுவும் மேலே துணிக்கூரையை மடக்கிவிடுகிற கன்வெர்டிபிள். துணி நைந்து நூலாய்த் தொங்கியது. பின் சீட்டில் காளான் முளைத்திருந்தது. அதன் பழைய இன்ஜினைக் கழற்றி வைத்துவிட்டு, விபத்தில் நொறுங்கிய ஒரு செடான் காரிலிருந்து எடுத்த பதினாறு வால்வு இன்ஜினை அஸார் ஒரு வருஷமாக இழைத்துக்கொண்டிருந்தான். பைக்கின் கார்புரேட்டர் நான்கை வரிசையாக அதன் பக்கத்தில் மாட்டியிருந்தான். பழைய இன்ஜின் நாற்பது குதிரை இழுத்தால் இது நூற்று முப்பது இழுக்கும் என்றான்.

"இழுக்கும் சரி. வண்டி தாங்கணும்லா?" என்றாள் பேராச்சி.

"அதுக்குத்தானே அக்கா உங்ககிட்ட வந்தேன்" என்றான் அவன்.

மேலே தகடு இல்லாத வண்டிக்கு முதுகெலும்பு பலம் பாதிதான். அதை அஸார் அவளுக்கு வாயால் சொல்லவில்லை, செய்து காட்டினான். முன்பக்கத்து ஒரு மூலையை மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டு, "கதவைச் சாத்துங்க அக்கா" என்றான். கதவு பாதியில் முட்டிக்கொண்டு நின்றது. வண்டியே முறுக்கிக்கொண்டதில் கதவுச் சட்டம் கோணிப் போயிருந்தது. பேராச்சி இரண்டு மூன்று தடவை இழுத்துச் சாத்திப் பார்த்தாள். அப்புறம் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள், குனிந்து அடியில் பார்த்தாள், தாராவிக்குத் திரும்பிவிட்டாள். மறுநாள் காலையில் ஆர்கான் செட்டை டெம்போவில் ஏற்றிக்கொண்டு தேவ்நாரில் போய் இறங்கினாள்.

வாரத்தில் மூன்று நாள் அங்கே, மூன்று நாள் கடையில் என்று நான்கு மாதம் ஓடியது. இரண்டு கதவுகளுக்குக் கீழேயும் நீளவாக்கில் பைப், சீட்டுக்குப் பின்னால் பெருக்கல் குறிபோலக் குறுக்குப் பைப், வண்டி கவிழ்ந்தால் தலை நசுங்காமல் இருக்க ஓட்டுபவனின் தலைக்கு மேல் ஒரு வளைவு. பழைய ஜீப்பின் பின் ஆக்ஸிலை இரண்டு பக்கமும் வெட்டிச் சுருக்கி அடியில் பொருத்தினாள். எல்லாம் முடிந்த அன்று அஸார் மறுபடியும் அதே மூலையில் ஜாக்கி வைத்துத் தூக்கினான். பேராச்சி சுண்டுவிரலால் கதவைத் தள்ளினாள். 'டக்'கென்று போய் உட்கார்ந்தது. "மாஷா அல்லாஹ்!" என்று அஸார் கத்தியதில் பக்கத்து ஒர்க்ஷாப்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பேராச்சி அந்தக் கதவை அன்றைக்கு எத்தனை தடவை திறந்து சாத்தினாள் என்று கணக்கே கிடையாது.

இவ்வளவு கெட்டிக்காரி எங்கே தவறினாள் என்றால், ஒரு சின்ன ஹிந்தி வார்த்தையில்.

பம்பாய்ப் பட்டறைகளில் அளவெல்லாம் ஹிந்தியில்தான் பேசுவார்கள். அதில் இந்த 'பௌனே' இருக்கிறதே, அது தமிழ்க் காதுக்கென்றே வெட்டி வைத்த குழி. நாம் நாலேமுக்கால் என்றால் முதலில் நாலு, அதன்மேல் முக்கால். அவர்கள் அதையே 'பௌனே பாஞ்ச்' என்பார்கள். அதாவது ஐந்துக்குக் கால் குறைவு. நம் காதிலோ முக்காலும் ஐந்தும் விழும், உடனே ஐந்தேமுக்கால் என்று மனசு கூட்டிக்கொள்ளும். தெற்கேயிருந்து வந்த எல்லோரும் ஒரு தடவையாவது இதில் விழுந்து எழுந்தவர்கள்தான். பேராச்சியும் வந்த புதிதில் விழுந்திருக்கிறாள். அதனாலேயே யார் அளவு சொன்னாலும் வாய்விட்டு ஒரு தடவை தமிழில் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் வெட்டுவாள். அஸாருக்கோ வீட்டில் தமிழ் பேசினாலும் பட்டறை அளவு மட்டும் தமிழில் வராது.

இன்ஜினை அதன் பழைய இடத்திலிருந்து எவ்வளவு பின்னுக்குத் தள்ளி உட்கார வைக்க வேண்டும் என்பதை அவன் குர்லாவிலிருந்து போனில் சொன்னான். "பௌனே பாஞ்ச் இஞ்ச் பின்னால அக்கா." இந்தப் பக்கம் கிரைண்டர் அலறிக்கொண்டிருந்தது. திருப்பிச் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. இன்னொரு தடவை போன் போட்டுக் கேட்டிருக்கலாம். இருபத்துநாலு வருஷமாக இதே ஊரில் குப்பை கொட்டுகிறோம், இது தெரியாதா நமக்கு என்று ஒரு மிதப்பு. ஐந்தேமுக்கால் இஞ்ச் அளந்து, இன்ஜின் உட்காரும் தாங்கிகளை ஒட்டி, இன்ஜினுக்குப் பின்னாலிருக்கும் இரும்புத் தடுப்பை அதற்கேற்ப வெட்டி, கியர் கம்பிக்கு ஓட்டை போட்டு, சைலன்ஸர் குழாய்வரை வளைத்து முடித்துவிட்டாள். வேலை அவ்வளவு சுத்தமாக இருந்ததால் டேப்பை வைத்துப் பார்க்க வேண்டுமென்று அஸாருக்கும் தோன்றவில்லை.

பந்தயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஷாஃப்ட் வந்தது. கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற நீளமான குழாய் அது. ஷாஃப்ட்டுக்கென்றே இருக்கும் ஒரு கடையில் சரியான அளவு சொல்லி அஸார் செய்யக் கொடுத்திருந்தான். வண்டிக்கு அடியில் படுத்து மாட்டினால் ஏறவில்லை. முட்டியது. சரியாக ஓர் இஞ்ச் நீளம். அஸார் வெளியே வந்து அந்தக் கடைக்காரனைத் திட்டுவதற்காகப் போனைக் கையில் எடுத்தான்.

பேராச்சி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். "இரு தம்பி. நீ அன்னைக்கு எவ்வளவு சொன்ன?"

"பௌனே பாஞ்ச்."

"தமிழ்ல சொல்லு."

அவன் விரல்விட்டு யோசித்தான். "நாலு... நாலும், அப்புறம் முக்கா."

பேராச்சி தலையிலடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அவனைத் திட்டாதல. தப்பு என்னோடது. நான் அஞ்சேமுக்கால்னுல்லா வச்சிருக்கேன்!"

அந்தக் கடைக்குப் போன் போட்டால், மிஸ்திரி கல்யாணத்துக்காகச் சொந்த ஊருக்குப் போயிருக்கிறார், வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். வேறு இரண்டு இடத்திலும் பதினைந்து நாளுக்குக் குறைந்து முடியாது என்றுவிட்டார்கள். இன்ஜினை ஓர் இஞ்ச் முன்னால் நகர்த்தலாம் என்றால் தாங்கி, தடுப்பு, குழாய் என்று எல்லாவற்றையும் பிரித்து மறுபடி செய்ய வேண்டும். ஒரு மாத வேலை. அஸார் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான். கோபப்பட்டிருந்தால்கூடப் பேராச்சிக்குத் தேவலையாக இருந்திருக்கும். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம் அக்கா, கோயி பாத் நஹி, பரவால்ல" என்று அவன் சிரிக்கப் பார்த்ததுதான் அவளைக் குத்தியது.

"அடுத்த வருஷமாவது! ஷாஃப்ட்டக் குடு. நான் குறைக்கேன்" என்றாள்.

செல்லப்பாண்டி இதைக் கேட்டதும் குதித்தான். "ஏட்டி, கிரில்லுன்னு நினைச்சியா? நிமிஷத்துக்கு அஞ்சாயிரம் சுத்துச் சுத்தும். ஒட்டு விட்டுப் போச்சுன்னா அந்தப் பையன் இடுப்புக்குப் பக்கத்துலல்லா கிடந்து அடிக்கும்!"

"அது தெரிஞ்சதுனாலதான் நான் பண்ணுதேங்கேன். வேற எவன் கையில குடுத்தாலும் எனக்குத் தூக்கம் வராது."

பக்கத்துச் சந்தில் லேத் வைத்திருக்கும் ஜெயினுலாப்தீன் பாயிடம் ஷாஃப்ட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். ஒரு முனையின் ஒட்டை லேத்தில் சீவியெடுத்து, குழாயில் ஓர் இஞ்ச் அளவுக்கு வளையமாக வெட்டி நீக்கி, முனையைத் திரும்பச் செருகினார்கள். இரண்டு முனையும் ஒரே நேரில் இருக்க வேண்டும், கொஞ்சம் திரும்பியிருந்தாலும் வண்டி உதறும். லேத்தில் சுற்றவிட்டு, கோணலைக் காட்டும் டயல் கேஜ் முள்ளைப் பார்ப்பதும், மரச் சுத்தியலால் லேசாகத் தட்டுவதும், மறுபடி சுற்றவிடுவதுமாக அரைநாள் போனது. முள் அசையாமல் நின்ற பிறகுதான் எதிரெதிராக நாலு இடத்தில் பொட்டுப் பொட்டாக ஒட்டு வைத்தாள். ஒரு பக்கம் அரை விரல் நீளம் ஒட்டு, அது ஆறியதும் எதிர்ப்பக்கம் அரை விரல். ஒரே இழுப்பாக இழுத்தால் சூட்டில் குழாய் வாழைப்பழமாக வளைந்துவிடும். டீ கூடக் குடிக்காமல் ஒட்டி முடித்துவிட்டு, முகமூடியைத் தூக்கினாள். பாய் ஷாஃப்ட்டைச் சுற்றவிட்டார். முள் அசையவில்லை. "மகளே, உன் கைக்கு ஒரு கும்பிடு" என்றார் பாய்.

வெட்டியெடுத்த அந்த ஓர் இஞ்ச் வளையத்தை அவள் தூக்கிப் போடவில்லை. அதே கனமுள்ள ஒரு குழாய்த் துண்டோடு, ஷாஃப்ட்டுக்கு வைத்த அதே கரண்டில் ஒட்டினாள். இந்தத் தடவை அடித்துப் பார்க்கவும் இல்லை. துணியில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். இதை வேறு யாராவது அடிக்கட்டும் என்று செல்லப்பாண்டியிடம் சொன்னாள்.

பந்தயத்தன்று காலை, வண்டியை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு மூவரும் காட் ஏறினார்கள். ஓடுதளத்தில் நல்ல கூட்டம். பளபளவென்று வெளிநாட்டு வண்டிகள், ஒரே மாதிரி டிஷர்ட் போட்ட டீம்கள். நடுவே கூரையில்லாத நம் ஹெரால்டு. நாலைந்து பையன்கள் வந்து சிரித்துவிட்டு, பானெட்டுக்குள் எட்டிப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள். ஓடுவதற்கு முன் ஒவ்வொரு வண்டியையும் சோதிப்பார்கள். சோதிக்க வந்தவர் சாவந்த் என்பவர், அறுபதை நெருங்கும் மனுஷன், ஒரு வார்த்தை அதிகம் பேசமாட்டார். தலைக்கு மேலிருந்த வளைவைத் தட்டிப் பார்த்தார். குறுக்குப் பைப்பைப் பிடித்து ஆட்டினார். ஒவ்வொன்றுக்கும் காகிதத்தில் ஒரு டிக். பிறகு டார்ச்சோடு வண்டிக்கு அடியில் நுழைந்தார். வெளியே வந்தபோது முகம் மாறியிருந்தது.

ஷாஃப்ட்டில் இருக்கும் புது ஒட்டு யார் போட்டது என்று ஹிந்தியில் கேட்டார்.

அஸார் வாயைத் திறப்பதற்குள் பேராச்சி ஓரடி முன்னால் வந்தாள். "மைனே கியா", நான்தான் போட்டேன் என்றாள்.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இதற்குச் சர்டிபிகேட் இருக்கிறதா என்றார். இல்லை என்றாள். ஷாஃப்ட்டை வெட்டி ஒட்டியிருந்தால் அதைச் செய்கிற கடையின் காகிதம் வேண்டும், இல்லாமல் தன்னால் விட முடியாது என்றார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். அதற்குமேல் அஸார் என்ன பேசினாலும் முடியாதென்று தலையை மட்டும் ஆட்டினார். ஒன்றரை வருஷ உழைப்பு அந்தத் தலையாட்டலில் போய்விடும்போல இருந்தது.

பேராச்சிக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பையைத் திறந்து துணியைப் பிரித்தாள். "சாஹேப், காகிதம் இல்ல. இது இருக்கு" என்று தனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொல்லி அந்தத் துண்டை நீட்டினாள். அந்த ஷாஃப்ட்டிலிருந்து வெட்டிய வளையம், அதே கை, அதே மெஷின், அதே நாள். "நீங்களே அடிங்க. ஒட்டு விட்டுச்சுன்னா நாங்க இப்பவே திரும்பிப் போயிருதோம்."

சாவந்த் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஷாஃப்ட்டில் இருக்கும் குழாயும் இதுவும் ஒன்றுதானா என்று காலிப்பரை வைத்து அளந்தார், மறுபடி அடியில் போய் ஒட்டோடு ஒட்டை ஒப்பிட்டார். பிறகு ட்ரெய்லரின் இரும்புத் தட்டில் துண்டை வைத்து, பெரிய சம்மட்டியைக் கொண்டுவரச் சொன்னார். முதல் அடியில் குழாய் முட்டை வடிவமானது. நாலாவது அடியில் சப்பாத்தியாக நசுங்கியது. அதற்குள் சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. அவர் அதைக் கையிலெடுத்துச் சட்டைப் பையிலிருந்த பூதக்கண்ணாடியால் ஒட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இரும்பு மடிந்த இடத்தில் விரிசல் ஓடியிருந்தது. ஒட்டில் ஒரு கீறல் கிடையாது.

அவர் மறுபடி குனிந்தார். ஷாஃப்ட் அறுந்தாலும் சிதறாமல் பிடிக்க அதைச் சுற்றி அவள் வைத்திருந்த இரும்பு வளையத்தையும் இழுத்துப் பார்த்தார். எழுந்து காகிதத்தில் கடைசி டிக்கைப் போட்டார். "பாயி, பக்கா காம் ஹை", கெட்டியான வேலையம்மா என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். செல்லப்பாண்டி கூட்டத்தைப் பார்த்து, "என் பொஞ்சாதி" என்றான். யாரும் அவனைக் கேட்கவில்லை. ஆனாலும் சொன்னான்.

முதல் ஓட்டத்துக்கு அஸார் கோட்டில் போய் நின்றான். பச்சை விளக்கு எரிந்தது. வண்டி கிளம்பியது, வேகமெடுத்தது, போய்ச் சேர்ந்தது. கைதட்டினார்கள். பேராச்சி தட்டவில்லை. கிளம்பின சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

திரும்பி வந்ததும், "என்ன வந்துது?" என்றாள்.

"பதினேழு பாயிண்ட் ஒண்ணு அக்கா. டயர் இன்னும் சூடாகல. அப்புறம் ரோடும் நமக்குப் புதுசு..."

"டயரை விடு. க்ளட்ச்சை எப்படி விட்ட? பச்சப்புள்ளயத் தொட்டில்ல போடுத மாதிரில்லா விட்ட. ஷாஃப்ட்டுக்காகத்தானே?"

அஸார் ஹெல்மெட் வாரை நோண்டிக்கொண்டிருந்தான். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. கோட்டுல நிக்கும்போது அது என் பக்கத்துலதான் இருக்குன்னு ஞாபகம் வந்துருச்சு. பரீஹாவுக்கு ரெண்டு வயசுதான் ஆகுது."

பரீஹா அவன் மகள். பேராச்சிக்கு முதலில் வந்தது கோபம். சம்மட்டியால் பிளக்க முடியாததை இவன் ஒரு பயத்தால் பிளந்துவிட்டானே என்று பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த நொடியே வெட்கம் வந்தது. அவள் ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் அந்த ஷாஃப்ட்டில் கத்தியே பட்டிருக்காது. அவன் பயத்துக்கு விதை போட்டதே அவள்தான்.

"விடுட்டீ, அதான் ஓடிட்டுல்லா" என்று செல்லப்பாண்டி சமாதானம் பண்ண வந்தான்.

"ஓடல. ஊர்ந்துச்சு" என்றாள் பேராச்சி. பிறகு அஸாரைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள். "நீ பயப்படுததுல தப்பே இல்ல தம்பி. ஒண்ணு பண்ணு. யாரு சொன்னதையும் கேக்காத, என்னையும் கேக்காத. கீழ படுத்து நீயே பாரு. மயிரிழை அளவு ஏதாவது தெரிஞ்சாலும் வண்டியை ட்ரெய்லர்ல ஏத்து, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன், தலையக் குனிஞ்சுக்கிட்டு வாரேன். ஒண்ணும் தெரியலேன்னா வண்டிய வண்டியா ஓட்டு. இப்படி ஊர்ந்து போறதுக்கு அந்தப் பழைய இன்ஜினே போதுமே, அது பாவம் என்ன பண்ணுச்சு?"

அஸார் டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் போனான். அவன் காலிரண்டு மட்டும் வெளியே தெரிந்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஒட்டை விரலால் தடவுகிறான், ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பார்க்கிறான் என்று சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்தது. செல்லப்பாண்டி நீட்டிய தண்ணீர் பாட்டிலை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். இருபத்துநாலு வருஷத்தில் யார் தன் வேலையைப் பார்க்கும்போதும் அவள் இப்படித் தவித்ததில்லை.

அஸார் வெளியே வந்தான். முதுகெல்லாம் மண். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினான்.

இரண்டாவது தடவை பச்சை விளக்கு எரிந்தபோது, கிளம்பின சத்தம் வேறாக இருந்தது. நாலு கார்புரேட்டரும் ஒன்றாக வாயைப் பிளந்து அலற, பின்டயர்கள் புகை கக்கி ஒரு கணம் அதே இடத்தில் சுற்றின. அப்புறம் பிடித்துக்கொண்டு, வண்டி மூக்கைத் தூக்கிப் பாய்ந்தது. பேராச்சி கண்ணை மூடிக்கொண்டாள். மற்றவர்கள் கேட்ட இரைச்சலுக்கு அடியில் அவள் வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு உதறல், ஒரு 'டங்', ஏதாவது. இரண்டாவது கியர். மூன்றாவது. ஒன்றும் இல்லை. சத்தம் தேய்ந்து தூரத்தில் போய் முடிந்தது. ஒலிபெருக்கியில் யாரோ ஹிந்தியில் ஏதோ கத்தினார்கள். செல்லப்பாண்டி அவள் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"பதினாலு பாயிண்ட் எட்டுங்கான்ட்டீ! பதினாலு!"

அஸார் வண்டியை மெல்ல ஓட்டிக்கொண்டு திரும்பி வந்தான். நிறுத்தியும் இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருந்தான், கண்ணில் தண்ணீர் வேறு. பையன்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். பேராச்சி அவர்களை விலக்கிக்கொண்டு கதவருகில் போனாள். நேரம் எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை.

"ஷாஃப்ட் எப்படிலே இருந்துச்சு? நடுங்கிச்சா? ஏதாவது சத்தம் வந்துச்சா?"

அஸார் புரியாமல் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"ஷாஃப்ட்டா?" என்றான். பிறகு வாயைப் பொத்திக்கொண்டான். "அக்கா, சத்தியமாச் சொல்லுறேன், அப்படி ஒண்ணு கீழ இருக்குங்கிறதே எனக்கு மறந்துபோச்சு!"

பேராச்சி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். "கேட்டீங்களா? மறந்துட்டானாம்!" என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அத்தனை பேர் நடுவிலும் வாய்விட்டுச் சிரித்தாள்.